பாவை விளக்கு

(ஏற்காட்டில் கூடிய நம் சங்கக் குடும்பங்களின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சேலத்தினின்றும் இருபது வளைவுகளைக் கடந்து இக்குளிர்மலை ஏறி வந்துள்ள உங்கள்முன், யாம் இன்று பேசப் புகும் பொருள், பண்டை உரோமாபுரியாரின் சிற்பங்களும், சிறு வண்ணக்கற்களைப் பதித்து அவர்கள் ஆக்கிய ஓவியங்களும், அவை பொருட்காட்சிச் சாலைகளிற் காக்கப்பெறும் வகையும் ஆகும். தமிழாசிரியர்க்கும் உரோமாபுரிக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இத்தொடர்பை உண்டாக்கியவர் யாமல்லேம். சங்கப் புலவரே அதனை உண்டாக்கி வைத்தனர். அவர்கள் விட்டுச் சென்ற ஒரு வினாவுக்கு விடை தேடப் புகுந்தே யாம் உரோமாபுரி வரையிற் செல்ல நேர்ந்தது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை நீங்கள் அறிவீர்கள். நக்கீரர் பாடியது, 188 அடிகளையுடையது. மகாமகோபாத்தியாய சாமிநாத ஐயர் அவர்கள் 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டினை அச்சிட்டு உலகிற்கு அளித்திராவிடின், அதனை இன்று நாம் அறிந்திருக்க வழியில்லை. அப்பாட்டில், கூதிர்காலத்து மழையும் குளிரும் மிக்க ஓர் இரவில், பாசறைக்குச் சென்ற பாண்டியனைப் பிரிந்து தேவி வருந்தியிருக்கின்றாள். அவ்வரண்மனையின் அகத்தே எரியும் விளக்கைப் புலவர் நமக்குக் காட்டுகின்றார். அது மண்ணகலன்று, சுவரில் தொங்குவதுமன்று. யவனர் செய்தளித்த ஒரு பெண்பாவை தன் கையில் ஏந்தி நிற்கும் விளக்கு அது. அப்பாவையின் தொழிற்சிறப்பையும் புலவர் ஒரு சொல்லால் வியந்து செல்கின்றார்.

யவனர் என்ற பெயர் முதலிற் கிரேக்கர்க்கே உரியது. உரோமாபுரிப் பேரரசு மேற்கே பரவிய பின்னர், அவ்வரசின் குடைக்கீழ் எகிப்து நாட்டுத் துறைமுகங்களினின்றும் கலமேறி வந்த கிரேக்க மொழி வணிகரையும், தொழிலாளரையும், வீரரையும் நம் முன்னோர் அப்பெயராலேயே அழைத்தனர். முசிறித் துறைக்கு அவர்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதனை அகநானூறு கூறும். அவர்கள் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகியதனைப் புறநானூறு கூறும். பாசறையில் அவர்கள் காவல் நின்றதனை முல்லைப்பாட்டு உரைக்கும். புகார் நகரத்து மண்டபம் ஒன்றினை ஆக்கியவருள் தமிழ்நாட்டு வினைஞரொடு யவனத் தச்சரும் கூடியிருந்தனர் என்று மணிமேகலை குறிக்கும். ஆதலின் யவனர் பாவை பாண்டியன் மனையில் நின்றது வியப்பன்று.

இனி எம் வினா இது: அந்தப் பாவை இப்பொழுது எங்கே?

தமிழ்நாட்டில் எந்தப் பொருட்காட்சிச் சாலையிலும் அது இல்லை. அதுபோன்ற மற்றொன்றும் இல்லை. பாட்டு இருக்கின்றது; பாவை இல்லை. பனையோலையில் எழுதிய சொற்கள் பதினெட்டு நூற்றாண்டுகளாகப் படியெடுக்கப்பெற்று நம்மை வந்தடைந்தன. ஓலையினும் பன்மடங்கு வலிய பொருளாற் செய்த பாவை நம்மை வந்தடையவில்லை. ஏன்? இதனை அறிய, அப்பாவையின் உடன்பிறந்தார் எங்கே இருக்கின்றனர் என்று முதலிற் பார்ப்போம்.

இத்தாலி நாட்டின் தென்பகுதியில் நேப்பிள்ஸ் என்னும் நகரம் உளது. அதன் அருகே வெசூவியஸ் என்னும் எரிமலை கி.பி. 79-ஆம் ஆண்டில் வெடித்தது. பாம்பேயி என்னும் செல்வநகர் சாம்பலும் நுரைக்கல்லும் பொழியப்பெற்று மூடுண்டது; எர்க்குலேனியம் என்னும் மற்றோரூரும் அவ்வாறே மறைந்தது. ஆயிரத்தறுநூறு ஆண்டுகட்கு மேல் மண்ணுள் உறங்கிய இவற்றுள், எர்க்குலேனியத்தை 1738-லும் பாம்பேயியை 1748-லும் அகழத் தொடங்கினர். அங்குக் கிடைத்த சிலைகளும், சுவரோவியங்களும், கற்பதிவு ஓவியங்களும் நேப்பிள்ஸ் நகரத்துத் தொல்பொருட்காட்சிச் சாலையில் வைக்கப்பட்டுள்ளன. அச்சாலையின் கட்டடம் முதலிற் குதிரைப்படைக்கென 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது. பின்னர்ப் பல்கலைக்கழகமாக இருந்தது. அதன் பின்னரே அரும்பொருள்கட்கு இல்லமாயிற்று.

அச்சாலையில் ஓர் இளைஞனின் வெண்கலச் சிலை நிற்கின்றது. பாம்பேயியில் 'வளமைத் தெரு' என்று இன்று வழங்கும் பெருந்தெருவை ஒட்டிய ஒரு வீட்டில் 1925-ஆம் ஆண்டில் அது கிடைத்தது. கிரேக்க முறையில் அழகுற வார்க்கப்பட்ட அவ்விளைஞனின் கையிலே கொடித்தண்டு போன்ற விளக்குத் தாங்கிகள் பொருத்தப்பெற்றிருந்தன. செல்வர் மனையில் இராவிருந்து நிகழும்போது விளக்கேந்தி நிற்பதே அச்சிலையின் பணி. நக்கீரர் கண்ட பாவை பெண். பாம்பேயியிற் கிடைத்தது ஆண். அவ்வளவே வேற்றுமை. விளக்கேந்தும் உருவம் யவனர் மனைகளில் வழங்கிய ஒரு பொருள் என்பதற்கும், புலவர் கூறியது வெறும் புனைந்துரை அன்று என்பதற்கும் இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இன்னும் கேளுங்கள். அதே தெருவை அடுத்த மற்றொரு வீட்டில் 1938-ஆம் ஆண்டில் மயூரி என்னும் தொல்பொருளறிஞர் அகழ்ந்தபோது, ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த உயரமுடைய தந்தப்பாவை ஒன்று கிடைத்தது. அணிகலன்கள் நிறைந்த பெண்ணுருவம். இருபுறமும் சிறு ஏவற்பெண்டிர். அது இந்திய நாட்டுத் தந்தத்தொழில் என்பது கண்டவுடனே விளங்கிற்று. முதலில் அதனை இலக்குமி என்றனர். பின்னர் இயக்கி என்று கொள்வாரே மிகுந்தனர். உச்சியில் துளை இருத்தலின், சிறு மேசையின் காலாகவோ கண்ணாடியின் பிடியாகவோ அது பயன்பட்டிருக்கலாம் என்பர். அதுவும் நேப்பிள்ஸ் சாலையிலேயே உளது.

ஈண்டு நாம் ஒன்று கருதுதல் வேண்டும். தந்தப்பாவை என்றவுடனே 'அது தமிழன் செதுக்கியது' என்று கைதட்டத் தோன்றும். அவ்வாறு சொல்லச் சான்றில்லை. அதன் அடியில் உள்ள எழுத்துக்குறி வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோட்டி எழுத்தைச் சார்ந்தது. அதனை ஒத்த உருவங்கள் மராட்டிய நாட்டுப் போகர்தன் முதலிய இடங்களிற் கிடைத்துள்ளன. பெருமை பேசுதல் வேறு. சான்று காட்டுதல் வேறு. சான்றின்றிப் பேசும் பெருமை, பிறர் ஒருவர் எழுந்து வினாவும் அளவே நிற்கும். நமக்குரிய பெருமை நெடுநல்வாடையிலேயே உளது. யவனர் பாவையைக் கூறிய அதே பாட்டு, போரில் பட்ட யானையின் கொம்பைச் செதுக்கிக் கால்களாக அமைத்த கட்டிலையும் விரித்துரைக்கின்றது. ஒரே மனையில் அவர்கள் விளக்கும் நம் தந்தத்தொழிலும் ஒருங்கிருந்தன. பாம்பேயியிலும் ஒரே தெருவின் பக்கலில் அவர்கள் விளக்கும் இந்தியத் தந்தமும் இருந்தன. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் செல்வர் வாழ்க்கை ஒன்றற்கொன்று கண்ணாடி பிடித்தாற்போல் இருந்தமையை இதனால் உணர்கின்றோம்.

இனி உரோமாபுரிச் சிற்பத்தின் இயல்பைச் சிறிது கூறுவோம். நம் நாட்டுச் சிற்பி இறைவனின் திருமேனியை அளவை நூல் வழியே வடிப்பவன். மூப்பும் பிணியும் இல்லாத் திருமேனி அது. கிரேக்கரும் தம் தெய்வங்களை அவ்வாறே இளமை குன்றாது வடித்தனர். உரோமாபுரியாரோ மனித முகத்தை உள்ளவாறே வடிப்பதில் விருப்பம் மிக்கவர். நெற்றிச் சுருக்கம், குழிந்த கன்னம், வழுக்கைத் தலை, தளர்ந்த கழுத்து ஆகிய இவற்றை மறையாது கல்லில் வைத்தனர். அதற்கொரு காரணம் உண்டு. அவர்களுள் உயர்குடியினர் தம் முன்னோரின் முகங்களை மெழுகில் அமைத்து வீட்டின் முற்கூடத்தே வைத்திருப்பர். குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அம்முகங்களையும் உடன்கொண்டு ஊர்வலம் செல்வர். முன்னோர் முகம் பொய்யாதிருத்தல் வேண்டும் என்னும் கருத்தே அச்சிற்பத்திற்கு உயிர். நம் தருமபுரி, செங்கம் பகுதிகளில் வீழ்ந்த வீரர்க்கு எடுத்த நடுகற்களை நினைவு கொள்ளுங்கள். அவற்றில் முகச்சாயல் இல்லை. பெயரும், ஊரும், செய்த செயலும் உள. அவர்கள் முகத்தைக் காத்தனர். நாம் பெயரைக் காத்தோம். நோக்கம் ஒன்றே.

அச்சிற்பங்கள் அனைத்தும் நம்மை வந்தடைந்தனவோ எனின், இல்லை. வெண்கலம் விலையுள்ளது; உருக்கினால் படைக்கருவியாகும், காசாகும், பாத்திரமாகும். ஆதலின் பண்டைக் கிரேக்க வெண்கலங்களுள் மிகப் பல உருக்கப்பட்டொழிந்தன. நேப்பிள்ஸ் சாலையில் எர்க்குலிஸ் என்னும் வீரன் தன் தண்டின்மேல் சாய்ந்து களைப்பாறும் பெருஞ்சிலை ஒன்றுளது. மூன்று மீட்டருக்கு மிகுந்த உயரம். கிளைக்கன் என்னும் ஏதென்சு நகரத்துச் சிற்பி அதிற் தன் பெயரைப் பொறித்துள்ளான். அதன் மூலமாகிய லைசிப்பசு என்பானின் வெண்கலம் அழிந்தது. சலவைக்கல்லில் எடுத்த படியே எஞ்சியது. சலவைக்கல்லுக்கும் ஏமமில்லை. இடைக்காலத்து உரோமாபுரியில் சுண்ணாம்புக் காளவாய்கள் புகைந்துகொண்டிருந்தன. அரசர் முகங்களையும் அரமகளிர் கரங்களையும் உடைத்து அவற்றுள் இட்டுச் சுண்ணாம்பாக்கினர். அச்சுண்ணாம்பைக் குழைத்துச் சுவர் எழுப்பினர்.

அவ்வழிவினின்றும் தப்பிய ஒரு வெண்கலத்தின் கதை கேட்கத்தக்கது. மார்க்கசு அரேலியசு என்னும் பேரரசர் குதிரைமேல் அமர்ந்து கைநீட்டும் பெருஞ்சிலை இன்றும் உரோமாபுரியில் உளது. அவர் கிறித்தவரல்லர். ஆயினும் இடைக்காலத்து மக்கள் அச்சிலையைக் கிறித்தவ சமயத்தை ஆதரித்த கான்சுடன்டைன் பேரரசரின் உருவம் என்று மாறாகக் கருதினர். ஆதலின் அதனை உருக்க எவர்க்கும் மனம் வரவில்லை. ஒரு பொருளைப் பற்றி மக்கள் கொண்ட எண்ணமே அப்பொருளின் ஆயுளாகின்றது என்பதற்கு இது சான்று. 1981-ஆம் ஆண்டில் அதனை வெயில் மழையினின்றும் எடுத்துப் பாதுகாக்கத் தொடங்கினர். அது நின்ற முற்றத்தில் 1997-இல் படியுருவம் ஒன்றனை நிறுவினர். மூலச்சிலை கேப்பிட்டல் குன்றின்மேலுள்ள பொருட்காட்சிச் சாலையில் உளது. 1471-ஆம் ஆண்டில் நான்காம் சிக்சுடசு என்னும் போப்பரசர் பழைய வெண்கலங்களை மக்களுக்கென அளித்தமையே அச்சாலைக்கு வித்தாயிற்று.

கற்பதிவு ஓவியத்தைப் பற்றியும் கூறல் வேண்டும். நம் வீடுகளில் 'மொசைக் தரை' என்று சொல்லுகின்றோமே, அதன் பாட்டன் இது. உரோமாபுரிக் கொத்தர் முதலில் நிலத்தைத் திமிசிட்டு இறுக்கிப் பெருங்கல் பரப்புவர். அதன்மேல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடுவர். அதற்குமேல் செங்கற்பொடி கலந்த நயமான சாந்து பூசுவர். நம் கொத்தர் சுருக்கிச் சுண்ணாம்பு என்பது போன்றதே அது. சாந்து ஈரம் உலருமுன் வெள்ளை, கருமை, செம்மை, மஞ்சள் முதலிய நிறங்களையுடைய சிறு கற்சதுரங்களையும் கண்ணாடித் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிப்பர். நம் பெண்மணிகள் புள்ளி வைத்துக் கோலமிடுகின்றனர். அவர்கள் புள்ளிகளாலேயே உருவத்தை நிரப்பிவிட்டனர். கோலம் மாலைக்குள் அழியும். அக்கற்கோலம் இரண்டாயிரம் ஆண்டு நின்றது.

நேப்பிள்ஸ் சாலையின் தலைசிறந்த கற்பதிவு ஓவியம், அலெக்சாந்தரும் பாரசீக அரசர் தாரயனும் பொருத போர்க்காட்சியாகும். பாம்பேயியில் ஒரு பெரிய இல்லத்தின் தரையில் 1831-ஆம் ஆண்டில் அது வெளிப்பட்டது. ஏறக்குறைய 5.82 மீட்டர் நீளமும் 3.13 மீட்டர் அகலமும் உடைய அதனில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட கற்கள் பதிந்துள்ளன என்று கணக்கிடுவர். தேரின்மேல் நிற்கும் தாரயன் கைநீட்டித் திரும்பிப் பார்க்கும் அச்சம், வீழ்ந்த வீரன் ஒருவன் தன் முகத்தைத் தன் கேடயத்தின் பளபளப்பிற் காணும் நிலை ஆகிய இவையெல்லாம் அரிசியளவாகிய கற்களால் அமைந்தன என்றால், நினைக்குந்தோறும் வியப்பு மிகுகின்றது.

எம் நெஞ்சைப் பெரிதும் பிணித்தது மற்றொரு சிறு ஓவியம். தோல் பதனிடும் சாலையொடு கூடிய ஓர் இல்லத்தில் உணவறை மேசையின் முகப்பாக அது பதிக்கப்பட்டிருந்தது. நடுவே ஒரு மண்டையோடு. அதன்மேல் கொத்தர் கையாளும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும். கீழே ஒரு சக்கரமும் ஒரு வண்ணத்துப்பூச்சியும். மட்டப்பலகையின் ஒருபுறம் செங்கோலும் அரசவுடையும் தொங்குகின்றன; மறுபுறம் கோலும், பையும், இரவலன் கந்தையும் தொங்குகின்றன. அரசனும் இரவலனும் சாவின் முன் ஒரே மட்டம் என்பது பொருள். உண்ணும் மேசையின்மேல் இதனை வைத்தான் ஒரு தோல்தொழிலாளன்! நம் நீதிநூலாரும் சித்தரும் வாயாற் சொன்ன நிலையாமையை அவன் கல்லாற் சொன்னான். இதற்கு உரையாசிரியர் வேண்டுவதில்லை.

சிசிலித் தீவின் பியாசா ஆர்மெரினா என்னும் ஊரருகே நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த மாளிகை ஒன்றுளது. அதன் அறுபது மீட்டருக்கு மேல் நீண்ட நடைக்கூடத் தரை முழுதும் வேட்டைக்காட்சி. ஒரு கோடியில் தந்தத்தைக் கையில் ஏந்திய கருநிறப் பெண்ணொருத்தி அமர்ந்திருக்கின்றாள். அருகே யானையும் புலியும் உள. அவள் இந்திய நாட்டின் உருவம் என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். பாண்டியன் மனையில் யவனர் பாவையை நக்கீரர் எழுத்தில் வைத்தார். உரோமாபுரிச் செல்வன் ஒருவன் இந்தியப் பாவையைத் தன் வீட்டுத் தரையில் வைத்தான்.

இவ்வளவு நெருக்கத்தை உண்டாக்கியது எது? நீங்கள் காலையில் தோட்டங்களின் வழியே நடந்துவந்தபோது மரங்களைப் பற்றி ஏறிய மிளகுக்கொடிகளைக் கண்டிருப்பீர்கள். அதுதான். இம்மலையின் மிளகே அங்குச் சென்றது என்று யாம் கூறவில்லை. அன்று கலமேறியது சேரநாட்டு மலைகளின் மிளகு. பிளினி என்னும் உரோமாபுரிப் பேரறிஞர் கரிய மிளகின் விலை இராத்தலுக்கு நான்கு வெள்ளிக்காசு என்று குறித்துள்ளார். இந்திய வாணிகத்தால் தம் நாட்டுச் செல்வம் ஆண்டுதோறும் வெளியேறுகின்றது என்றும் வருந்தியுள்ளார். அவரும் கி.பி. 79-இல் அவ்வெரிமலை வெடித்தபோதே உயிர்நீத்தார். எகிப்து நாட்டுப் பெரெனிகே என்னும் துறைமுகத்தின் கோயிலில், இந்திய மண்சாடி ஒன்றனுள் ஏழரைக் கிலோ மிளகு 1999-ஆம் ஆண்டில் அகப்பட்டது. அவ்வூரிலேயே 2022-ஆம் ஆண்டில் மேனாட்டுச் சலவைக்கல்லில் வடித்த புத்தர்பிரான் சிலையொன்று கிடைத்தது. கடவுளுருவங்களும் அக்கடலைக் கடந்தன.

அவ்வெள்ளிக்காசுகளும் நம்மிடம் வந்தன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் 522 காசுகள் கிடைத்தன. உடுமலைப்பேட்டையை அடுத்த பூதிநத்தத்தில் 1946-இல் 1398 காசுகள் கிடைத்தன. புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் 501 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அரசர் தலையின் குறுக்கே உளியால் வெட்டப்பட்ட வடு உளது. காசு என்றால் சிற்பமாகுமோ என்று கேட்பீர்களாயின், ஆகும் என்போம். அகசுடசு, திபேரியசு ஆகிய பேரரசர்களின் கழுத்தும் மூக்கும் தாடையும் விரல்நகத்தளவு வெள்ளியில் உயர்ந்து தோன்றும் அது, கையில் அடங்கும் சிற்பமே. உரோமாபுரிச் சிற்பம் பலவாய் நம் மண்ணுள் இருப்பது அவ்வடிவில்தான். இந்திய நாட்டில் முழுவுருவாகக் கிடைத்தவை மிகச்சில. கோலாப்பூரில் கிடைத்த கடல்தேவனின் வெண்கலச் சிற்றுரு அவற்றுள் ஒன்று. அது அந்நகரத்துப் பொருட்காட்சிச் சாலையிலேயே உளது.

புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் பிள்ளைகள் பொறுக்கிய மணிகளையும் செதுக்குக் கற்களையும் கண்டே துப்ரேயில் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1937-ஆம் ஆண்டளவில் அவ்விடத்தின் சிறப்பை உணர்ந்தார். 1944-இல் வீலர் என்னும் ஆங்கில அறிஞர் சென்னைப் பொருட்காட்சிச் சாலையின் அலமாரி ஒன்றில், நடுநிலக்கடல் நாட்டு மதுச்சாடியின் உடைந்த கழுத்தும் பிடியும் இருக்கக் கண்டார். எங்கிருந்து வந்தது என்று வினவினார், புதுவை என்றறிந்தார், அங்கே சென்றார், மறுவருடமே அரிக்கமேட்டை அகழ்ந்தார். இத்தாலி நாட்டுச் செந்நிற மட்கலங்களும், மதுச்சாடித் துண்டுகளும் அங்கு வெளிப்பட்டன. நன்மாறன் பருகிய யவன மது எத்தகைய கலத்தில் வந்தது என்பதனை நாம் கண்ணாற் காணலாயிற்று. இதற்கெல்லாம் காரணம் யாது? உடைந்த சாடியின் ஒரு துண்டை எவரோ எறிந்துவிடாமல், வந்த இடத்தின் பெயரொடு வைத்திருந்தமையே.

இனி எம் வினாவிற்கு விடை கூறுதற்கு முன், யாம் அறிந்த ஒன்றனைக் கூறுகின்றோம். சில ஆண்டுகட்கு முன், சமவெளியில் ஒரு சிற்றூரில் கிணறு வெட்டியபோது ஒரு கலயம் அகப்பட்டது. எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் வாயிலாகச் செய்தி எட்டியது. பள்ளி விடுமுறை நாளில் யாம் அங்குச் சென்றோம். அதற்குள் காசுகள் பங்கிடப்பட்டன, பங்குகள் உருக்கப்பட்டன, ஒருத்தி காலுக்குக் கொலுசும், மற்றொருத்தி இடைக்கு அரைஞாணும் ஆயின. காசில் என்ன இருந்தது என்று வினவினோம். "ஒரு ஆள் மூஞ்சி இருந்துச்சுங்க ஐயா" என்றான் அங்கிருந்த சிறுவன். யார் முகம் அது? பேரரசன் முகமோ, சேரன் முகமோ? சேரமன்னருள் சிலர் தம் முகத்தையும் பெயரையும் வெள்ளியிற் பொறித்தனர் என்பதை அறிவோம். மாக்கோதை, குட்டுவன்கோதை என்னும் பெயருடைய அக்காசுகள் அரியவற்றுள் அரியவை. அவ்வூர்க் கலயத்துள் இருந்தது எதுவென்று இனி எவராலும் சொல்ல முடியாது. அவர்கள் தீயவரல்லர், உழைத்து வாழும் நல்லோரே. அது இன்னது என்று அவர்க்குச் சொல்வார் ஒருவரும் இல்லை. சொல்லவேண்டிய எம்போல்வார் சென்று சேருமுன் மூசை சூடேறிவிட்டது.

பாண்டியன் மனைப் பாவைக்கும் இதுவே நேர்ந்திருத்தல் கூடும். அது வெண்கலமாயின் ஏதோ ஒரு பஞ்சத்தில், ஏதோ ஒரு படையெடுப்பில் உலையிற் புகுந்திருக்கும். பாம்பேயி இளைஞனை எரிமலை மூடியமையால் உருக்குவார் கைக்கு அவன் எட்டவில்லை. நமக்கு எரிமலை இல்லை. நம் அரும்பொருள்களை மூடிக் காக்க வேண்டியது நம் அறிவே.

அத்தகைய அறிவுடையார் ஒருவர் இவ்வேற்காட்டிலேயே வாழ்ந்தார் என்பதனை இளைஞர்கள் அறிதல் வேண்டும். இராபர்ட் புரூசு பூட் என்னும் நிலநூலறிஞர், 1863-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டு, இந்நாட்டு மக்களின் தொன்மையை உலகிற்கு உணர்த்தியவர். அவருடைய மாமனார் பெர்சிவல் பாதிரியார், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். 1882-இல் இம்மலையிலேயே மறைந்தார். பூட் அவர்கள் ஓய்வுபெற்ற பின் இங்கு வாழ்ந்தார். அவர் நினைவுச்சின்னம் இங்குள்ள திரித்துவக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் உளது. நாற்பதாண்டுகளாக அவர் திரட்டிய கற்கருவிகளையும் மட்கலங்களையும் சென்னைப் பொருட்காட்சிச் சாலை 1904-இல் பெற்றுக்கொண்டது. ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த ஊரைக் குறித்து அவர் செய்த அட்டவணையே அத்திரட்டின் உயிர். ஊர்ப்பெயர் இல்லையாயின் அவை வெறும் கூழாங்கற்களே.

இச்சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளைப் பிள்ளையார் முன்னிலையில் வைத்து மக்கள் போற்றியமையை அவர் குறித்துள்ளார். அவை புதிய கற்காலத்து மக்கள் காடு திருத்திய கருவிகள். மலைவாழ் மக்கள் அவற்றின் பயன் இன்னதென அறியாராயினும், முன்னோர் பொருள் எறியத்தக்கதன்று என்பதை அறிந்திருந்தனர். மார்க்கசு அரேலியசின் சிலையைக் காத்தது எதுவோ, அக்கற்கோடரிகளைக் காத்ததும் அதுவே. படித்தவர் என்று சொல்லிக்கொள்ளும் நாம் அவர்க்குப் பின்தங்கலாமோ?

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுள் நிலமுடையார் பலர். கிணறு வெட்டுவார், வீடு கட்டுவார், தோட்டம் கொத்துவார் பலர். ஆதலின் இவற்றை நினைவிற் கொள்ளுங்கள். மண்ணில் பழங்காசோ, சிலையோ, மணியோ, எழுத்துள்ள ஓடோ அகப்பட்டால், முதலில் அதனைத் தேய்க்காதீர்கள், புளியிட்டு விளக்காதீர்கள். எந்த ஊர், எந்தப் புலம், எத்தனை அடி ஆழம், உடன் என்ன இருந்தது என்று எழுதி வையுங்கள். பின்னர் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தாற் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை அறிவித்தல் கடமை என்கின்றது. அறிவித்தால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சுவார் உளர். உரியவர் இல்லை எனத் துணியப்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர்க்கும் நிலத்துக்குரியவர்க்கும் பங்கு உண்டென்றும், வேறு உடன்பாடில்லையாயின் கண்டெடுத்தவர்க்கு முக்காற் பங்கும் நிலத்துக்குரியவர்க்குக் காற் பங்கும் என்றும் அச்சட்டமே கூறுகின்றது. அரசினர் அதனைத் தாம் எடுத்துக்கொள்வராயின், பொருளின் மதிப்பொடு அம்மதிப்பில் ஐந்திலொரு பங்கும் கூட்டித் தருதல் வேண்டும். உருக்குவார் தருவதினும் இது குறைந்ததன்று. மறைத்தாலோ பங்கும் இழப்பீர்கள், தண்டமும் வரும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மக்களைத் திருவிழாவிற்கும் கடைத்தெருவிற்கும் அழைத்துச் செல்கின்றீர்கள். சேலத்திலும், கரூரிலும், புதுவையிலும், சென்னை எழும்பூரிலும் பொருட்காட்சிச் சாலைகள் உள. ஆண்டுக்கொருமுறையேனும் அங்கு அழைத்துச் செல்லுங்கள். அரிக்கமேட்டுச் சாடித் துண்டின் முன் நிறுத்திப் புறநானூற்றுக் கதையைச் சொல்லுங்கள். ஒரு சிறு காசின் முன் நிறுத்தி, 'இந்த முகத்துக்குரியவன் உரோமாபுரியில் இருந்தான். இது நம் ஊருக்கு மிளகு வாங்க வந்தது' என்று சொல்லுங்கள். அவ்வாறு கேட்ட பிள்ளை, நாளை தன் நிலத்தில் ஒரு காசு அகப்பட்டால் தட்டானிடம் ஓடாது.

நக்கீரர் தம் சொல்லால் ஒரு பாவையைக் காத்தார். ஐயரவர்கள் தம் உழைப்பால் அச்சொல்லைக் காத்தார்கள். பாவையைக் காப்பது மட்டும் எவர்க்கும் உரிய பணியாக அமையாது போயிற்று. வையைக் கரையிலோ, காவிரிக் கரையிலோ, இம்மலையின் அடிவாரத்திலோ அதன் தங்கை ஒருத்தி இன்னும் மண்ணுள் விளக்கேந்தி நின்றுகொண்டிருத்தல் கூடும். அவளை முதலிற் காணும் கை நம்மவருள் ஒருவர் கையாயின், அது மூசையை நோக்கி நீளாதிருப்பதாக என்று வேண்டி அமைகின்றோம்.